பெற்றோர் எடுக்கும் படம்

ஆண்டுதோறும் பள்ளிகளில் நிழற்படம் எடுக்கும் நாள் ஒன்று வரும். அன்று மாணவர் தலைவாரி, வெளுத்த சீருடை அணிந்து, வழக்கத்தினும் முன்னதாகவே வந்து சேர்வர். மரத்தடியில் பெஞ்சுகள் வரிசையாக இடப்பெறும். நெட்டையர் பின்வரிசையிலும் குட்டையர் முன்வரிசையிலும் நிற்பர். ஆசிரியப் பெருமக்கள் நடுவே நாற்காலிகளில் அமர்வர். “யாரும் அசையாதீர்கள்!” என்று ஒரு குரல் எழும். ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். சில நாட்களில் படம் வந்து சேரும். அதனைக் கையில் வாங்கிய ஒவ்வொரு பிள்ளையும் முதன்முதல் தேடுவது தன் முகத்தையே அன்றோ?

அப்படம் நல்லதொரு செல்வமே. செல்வர் வீட்டுப் பிள்ளையும் எளியவர் வீட்டுப் பிள்ளையும் அதில் ஒரே உடையில் தோளோடு தோள் உரச நிற்கின்றனர். நாற்பது ஆண்டுகள் கழித்து அதனை எடுத்துப் பார்ப்பவர், மறந்துபோன நண்பர் பலரை அதில் மீண்டும் காண்பர். ஆயினும், அதில் ஒரு பிள்ளையின் முகம் புளியங்கொட்டை அளவே இருக்கும். அடையாள அட்டைக்காகத் தனித்தனியே எடுக்கும் படங்களோ, ஒரே சுவர், ஒரே விளக்கு, ஆளுக்கு அரை நிமிடம் என்னும் கணக்கில் எடுக்கப்படுபவை. படம் எடுப்பவர்மீது குறை கூறுவது முறையன்று. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மாலை மணி அடிப்பதற்குள் எடுத்து முடிக்கவேண்டிய கடமை அவருக்கு உண்டு. பிள்ளைக்கு அவர் புதியவர். அவருக்குப் பிள்ளை பட்டியலில் உள்ள ஒரு பெயர். புதியவர் முன்னிலையில் குழந்தை தன் முகத்தை இறுக்கிக்கொள்கிறது. அந்த இறுகிய முகமே படத்தில் பதிந்துவிடுகிறது. படத்தைக் கண்ட தாய், “இவன் என் மகன்தான், ஆனால் வீட்டில் இவன் இப்படி இருப்பதில்லையே!” என்று வியக்கிறாள்.

ஆதலின், பள்ளியில் எடுக்கும் படத்தோடு இன்னொரு படமும் வேண்டும். அது பள்ளி திறக்கும் காலத்தில், புதுச் சீருடையோடு, வீட்டிலேயே தாயோ தந்தையோ எடுக்கும் படம். அதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டும், தேர்ந்த கலைஞனின் கை வேண்டும் என்று பலர் எண்ணி, முயலாமலே இருந்துவிடுகின்றனர். உண்மையில் அதற்கு முதலில் வேண்டுவது குழந்தையை நின்று நிதானித்துக் காணும் கண்ணே. கருவியும் ஒளியும் அதன் பின்னரே வேண்டும். காணும் கண்ணைப் பற்றி அறிய விரும்புவோர்க்கு ஸ்ரீவில்லிபுத்தூரைக் காட்டிலும் ஏற்ற ஊர் தமிழகத்தில் இல்லை எனலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த ஊர். வானளாவிய பதினொரு நிலைக் கோபுரத்தால் அவ்வூரைத் தொலைவிலிருந்தே அடையாளம் காணலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு வாழ்ந்த பெரியாழ்வார், கண்ணனைக் குழந்தையாகவும் தம்மை அவனை வளர்க்கும் தாயாகவும் பாவித்துப் பாடினார். அவருடைய திருமொழியின் தொடக்கத்தில் ஒரு பகுதி உண்டு. தொட்டிற் குழந்தையின் பாதத்தில் தொடங்கி, விரல், கணுக்கால், முழங்கால், வயிறு, மார்பு, தோள், வாய், கண், புருவம் என்று படிப்படியாக ஏறி, தலைமுடிவரை ஒவ்வோர் உறுப்பையும் அவர் தனித்தனியே கண்டு மகிழ்கிறார். தாம் மட்டும் கண்டால் போதாது என்று, அக்கம்பக்கத்துப் பெண்களையும் வந்து காணும்படி அழைக்கிறார். இருபதுக்கு மேற்பட்ட பாடல்கள் இவ்வாறு செல்கின்றன. விரைந்து பார்த்து விலகும் கண்ணுக்கு ஒரு குழந்தையிடம் இருபது செய்திகள் தென்படா. தாயின் கண்ணுக்கு மட்டுமே அவை தென்படும்.

இப்பாடல்களை முன்னோடியாகக் கொண்டே பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் பின்னர் வளர்ந்தது. பிள்ளைத்தமிழில் பருவங்கள் பத்து. மூன்றாம் திங்களில் காப்பு. ஐந்தாம் திங்களில் தலையெடுத்து ஆடும் செங்கீரை. ஏழாம் திங்களில் தாலாட்டுக் கேட்கும் தால். ஒன்பதாம் திங்களில் கைகொட்டும் சப்பாணி. இவ்வாறே ஒன்றுவிட்டு ஒரு திங்களாக எண்ணி, இருபத்தொன்றாம் திங்கள் வரை பருவங்களைப் பகுப்பது மரபு. இதன் உட்பொருள் எண்ணிப் பார்க்கத்தக்கது. குழந்தை இரண்டு திங்களுக்கு ஒருமுறை வேறொரு குழந்தையாகிவிடுகிறது. சப்பாணி கொட்டிய கை மறுபடியும் அவ்வாறே கொட்டுவதில்லை. தளர்நடை நடந்த கால் திண்ணிய நடை பழகியபின், அந்தத் தளர்ச்சியை யாராலும் திரும்ப வருவிக்க முடியாது. போய்விடும் ஒன்றைப் போவதற்கு முன் கண்டு வைத்துக்கொள்ளவேண்டும் என்னும் வேட்கையே இப்பகுப்பில் உள்ளது. கருவி இல்லாத காலத்தில் தமிழர் தம் குழந்தைகளைச் சொல்லால் படம் பிடித்த முறை இதுவே என்றால் அது மிகையாகாது.

அவ்வூர்க் கோயிலில் கண்ணாடிக் கிணறு என்று ஒன்று உண்டு. துளசித் தோட்டத்தில் கண்டெடுத்து வளர்த்த பெரியாழ்வாரின் மகள் ஆண்டாள், இறைவனுக்கென்று தொடுத்து வைத்த மாலையைத் தான் சூடி, அக்கிணற்று நீரில் தன் உருவைக் கண்டு அழகு பார்த்தாள் என்பது வரலாறு. அதனை அறிந்த தந்தை முதலில் வருந்தினார். பின்னர், அவள் சூடிக் களைந்த மாலையே தனக்கு உகந்தது என்று இறைவன் கனவில் உணர்த்த, அவள் பெருமையை அறிந்தார் என்பர். தன் முகத்தைத் தான் காண விழைவது குழந்தையின் இயல்பு. அதில் பிழை ஒன்றும் இல்லை. அம்முகம் காணத்தக்கது என்று பெற்றோரும் எண்ணுகின்றனர் என்பதைக் குழந்தை அறியுமானால், அதனால் விளையும் நன்மை பெரிது.

இனி, கருவியின் வரலாற்றைக் காண்போர்க்கும் இதே உண்மை புலனாகும். 1839-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு டாகர் என்பவரின் நிழற்பட முறை உலகுக்கு வெளியிடப்பெற்றது. அக்காலத்தில் ஒரு படம் பதிவதற்கு நெடுநேரம் பிடித்தது. அமர்ந்திருப்பவர் தலையை அசைத்தால் உருவம் கலங்கிவிடும். அதனால் தலைக்குப் பின்னே இரும்புத் தாங்கி ஒன்றை நிறுத்தி வைப்பர். பெரியவர்களுக்கே இந்நிலை என்றால், துள்ளும் குழந்தைகளை என் செய்வது? மேனாட்டு நிழற்பட நிலையங்களில் ஒரு வழி கண்டனர். தாயை நாற்காலியில் அமரச்செய்து, அவளைத் தலைமுதல் கால்வரை துணியால் மூடிவிடுவர். அவள் மடியில் குழந்தையை இருத்துவர். மூடிய துணிக்குள்ளிருந்து தாயின் கைகள் குழந்தையைப் பற்றிக்கொண்டிருக்கும். படத்தில் குழந்தை மட்டும் இருப்பதாகத் தோன்றும். அத்தகைய பழைய படங்கள் பல இன்றும் உள்ளன. அவற்றைக் காண்போர் குழந்தையின் பின்னே குவிந்திருக்கும் அந்தத் துணியைக் கண்டு, அதனுள் இருப்பது தாய் என்று உணரும்போது உள்ளம் நெகிழ்வர்.

அந்நாளிலேயே தம் மக்களைத் தம் இல்லத்திலேயே படம் எடுத்த தாய் ஒருவர் இருந்தார். அவர் கிளெமென்டினா ஹாவார்டன் என்னும் பெருமாட்டி. 1857-ஆம் ஆண்டளவில் அயர்லாந்தில் நிழற்படக் கலையைப் பயிலத் தொடங்கிய அவர், 1859-இல் இலண்டன் நகரில் குடியேறினார். அவ்வீட்டின் மாடி அறைகளே அவருடைய படக்கூடமாயின. உயர்ந்த சாளரங்களின் வழியே வந்த பகலொளியே அவருக்கு விளக்கு. நிலைக்கண்ணாடி ஒன்றும், சில துணிகளும், சில நாற்காலிகளுமே அவருடைய துணைப்பொருள்கள். தம் புதல்வியரைச் சாளரத்தின் அருகே நிறுத்தியும், கண்ணாடி முன் அமர்த்தியும் நூற்றுக்கணக்கான படங்களை அவர் எடுத்தார். 1863, 1864-ஆம் ஆண்டுகளில் இலண்டன் நிழற்படக் கழகத்தின் கண்காட்சிகளில் அவை பரிசு பெற்றன. 1865-ஆம் ஆண்டு தம் நாற்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார். அவருடைய பேர்த்தி 1939-இல் எழுநூற்றுக்கு மேற்பட்ட படங்களை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். குடும்பத் தொகுப்பேடுகளில் ஒட்டியிருந்தவற்றைப் பிய்த்தெடுத்தமையால் பலவற்றின் மூலைகள் கிழிந்துள்ளன. அக்கிழிசல்களே, அவை ஒரு காலத்தில் ஒரு வீட்டின் ஏட்டில் இருந்த வீட்டுப் படங்கள் என்பதற்குச் சான்று.

அவர் காலத்தவரான ஜூலியா மார்கரெட் கேமரன் என்பவரும் இவ்வகையில் நினைக்கத்தக்கவர். 1815-இல் கல்கத்தாவில் பிறந்த அவ்வம்மையாருக்கு 1863-ஆம் ஆண்டு, நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் ஒரு நிழற்படக் கருவியைப் பரிசாக அளித்தனர். அவர் வீட்டுக் கோழிக்கூடத்தைப் படக்கூடமாகவும், நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். உற்றார் உறவினரையும், அண்டை வீட்டுக் குழந்தைகளையும், பணிப்பெண்களையும் எடுத்த அவருடைய படங்கள் உலகப் புகழ் பெற்றன. 1875-இல் இலங்கைக்குச் சென்று வாழ்ந்த அவர், 1879-இல் அந்நாட்டிலேயே மறைந்தார். கோழிக்கூடத்தில் பிறக்கக்கூடிய கலைக்கு மாளிகை எதற்கு?

இந்திய நாட்டிலும் இவ்வாறு தம் மக்களைப் படமெடுத்த தந்தை ஒருவர் உண்டு. பஞ்சாபைச் சேர்ந்த உம்ராவ் சிங் ஷேர்-கில் 1870-இல் பிறந்தவர். வடமொழியும் பாரசீகமும் கற்ற அறிஞர். அவருடைய மனைவியார் ஹங்கேரி நாட்டினர். மூத்த மகள் அம்ரிதா 1913-ஆம் ஆண்டிலும், இளைய மகள் இந்திரா 1914-ஆம் ஆண்டிலும் பிறந்தனர். ஹங்கேரியில் குழந்தைகளாக இருந்த காலத்திலும், 1921-க்குப் பின் சிம்லாவில் சிறுமியராக வளர்ந்த காலத்திலும், பாரிசு நகரில் கல்வி பயின்ற காலத்திலும் தந்தை அவர்களைப் படமெடுத்துக்கொண்டே இருந்தார். அவர் அதனைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். தம் மக்களைக் காண்பதில் அவருக்கிருந்த சலியாத ஆர்வமே அவரை அப்பணியில் ஈடுபடுத்தியது.

அம்ரிதா பின்னாளில் பெரும் ஓவியரானார். தென்னாட்டுப் பயணத்தின் பயனாக 1937-ஆம் ஆண்டில் தென்னாட்டு மக்களை அவர் தீட்டிய ஓவியங்கள் இந்திய ஓவிய வரலாற்றில் சிறப்பிடம் பெற்றவை. அத்தகைய மகள் 1941-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், இருபத்தெட்டு வயதிலேயே இலாகூரில் இறந்தார். தந்தை அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்து 1954-இல் மறைந்தார். மகளின் ஓவியங்களை உலகம் போற்றியது. ஆனால், பொம்மையோடு விளையாடிய அம்ரிதாவையும், சகோதரியின் தோள்மேல் சாய்ந்த அம்ரிதாவையும் உலகம் அறிய வழி ஏது? தந்தை எடுத்து வைத்த படங்களே அதற்கு வழியாயின. ஒரு குழந்தை என்ன ஆகும், எத்தனை காலம் வாழும் என்பதை எந்தத் தந்தையும் முன்கூட்டி அறிவதில்லை. அறியாமலே, அன்றன்று எடுத்து வைப்பது ஒன்றே அவன் செய்யக்கூடியது.

இத்துணைப் பெரியோர் வரலாற்றையும் கேட்டபின், “எங்கள் வீட்டில் மாடியும் இல்லை, படக்கூடமும் இல்லை” என்று யாரேனும் தயங்குவாராயின், அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள இராஜபாளையத்தை நோக்குக. அங்குள்ள எளிய ஓட்டு வீட்டிலும் இப்பணிக்கு வேண்டியவை எல்லாம் உள்ளன. முதலில் வேண்டுவது ஒரு சாளரம். நேர் வெயில் முகத்தில் விழுந்தால் குழந்தை கண்ணைச் சுருக்கும். கண்ணுக்குக் கீழே கரிய நிழல் படியும். வெயில் விழாத சாளரத்தின் வழியே வரும் வானத்து ஒளியே முகத்துக்கு ஏற்றது.

எந்தத் திசைச் சாளரத்தில் வெயில் விழாது? மேனாட்டு நூல்கள் எல்லாம் வடக்குச் சாளரத்தையே தேடச் சொல்லும். இலண்டன் போன்ற ஊர்களில் ஞாயிறு நண்பகலில் எப்போதும் தெற்கு வானத்திலேயே நிற்பதால் அவ்விதி அங்குப் பொருந்தும். இராஜபாளையமோ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஒன்பதரைப் பாகை அளவிலேயே அமைந்த ஊர். அங்குச் சித்திரை பிறந்தது முதல் ஆவணியின் முற்பாதி வரை ஞாயிறு நண்பகலில் உச்சிக்குச் சற்று வடக்கே செல்கிறது. ஆகவே, பள்ளி திறக்கும் சூன் திங்களில் வடக்குச் சாளரத்தில்தான் காலை வெயில் சாய்ந்து விழும். தெற்குச் சாளரமே நிழலாக இருக்கும். மார்கழி, தைத் திங்களில் இது தலைகீழாகும். நூலில் படித்ததை அப்படியே கொள்ளாது, தம் ஊர் வானத்தைத் தாமே நோக்கி அறிய வேண்டும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. மற்றொரு வாய்ப்பும் அவ்வூருக்கு உண்டு. மேற்கே மலைத்தொடர் மதில்போல் நிற்பதால், மாலையில் ஞாயிறு மலைக்குப் பின் முன்னதாகவே மறைந்துவிடுகிறது. வெயில் போனபின்னும் வானம் வெளிச்சமாக இருக்கும் அந்த வேளையில், திண்ணையிலும் நல்ல படம் எடுக்கலாம்.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, காயங்களுக்குக் கட்டும் மெல்லிய வெண்துணியை நெய்வதில் பெயர் பெற்ற ஊர். அத்துணியைச் சாளரத்தில் தொங்கவிட்டால், கடுமையான ஒளியும் பால்போல் மென்மையாகி அறைக்குள் பரவும். சாளரத்தை அடுத்த கன்னத்தில் ஒளி விழ, மறுகன்னம் இருண்டு தோன்றுமாயின், அப்பக்கம் ஒரு நாற்காலியின் முதுகில் வெள்ளை வேட்டியை விரித்தால் போதும். அது ஒளியை வாங்கி மறுகன்னத்துக்குத் திருப்பித் தரும். குழந்தையைச் சுவரை ஒட்டி நிறுத்தாது, மூன்று நான்கு அடி முன்னே முக்காலியில் அமரச்செய்தால் நிழல் சுவரில் விழாது. படம் எடுப்பவர் நின்றுகொண்டு குனிந்து நோக்கினால் குழந்தை சிறுத்துத் தோன்றும். எனவே அவர் தரையில் முழந்தாளிட்டு, குழந்தையின் கண்ணும் கருவியும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். கைப்பேசியை முகத்தருகே கொண்டுசென்றால் மூக்குப் பெரிதாகத் தோன்றும்; ஐந்தாறு அடி விலகி எடுத்தால் முகம் உள்ளவாறு அமையும். இவை எல்லாம் ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளக்கூடியவை. கற்க அரியது ஒன்றே, அது காத்திருத்தல்.

சத்திரப்பட்டியில் விசைத்தறி ஓட்டும் தொழிலாளி ஒருவர் அதனைக் கற்றிருந்தார். அவருடைய மகளுக்குச் சிறு வயதில் வெந்நீர் பட்டு இடக்கன்னத்தில் ஒரு தழும்பு உண்டு. பள்ளிக் குழுப்படம் எடுக்கும்போதெல்லாம் அவள் உயரமான தோழி ஒருத்தியின் பின்னே நின்று, தலையைத் தாழ்த்திக்கொள்வாள். படத்தில் அவளுடைய உச்சி வகிடு மட்டுமே தெரியும். அவள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டு, தந்தை அவளைத் தெற்குச் சாளரத்தின் அருகே அமரச்செய்தார். அவள் முக்காலியைத் திருப்பிப் போட்டு, இடக்கன்னம் சுவரின் பக்கம் மறையுமாறு அமர்ந்தாள்.

“அப்பா, இந்தப் பக்கம் மட்டும் எடுங்கள்” என்றாள்.

“உனக்கு எப்படி விருப்பமோ, அப்படியே இரு தாயி” என்றார் அவர்.

அவர் உடனே எடுத்துவிடவில்லை. கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, தறியில் அன்று நூல் அறுந்த கதையைச் சொன்னார். முதலாளி கணக்கு மறந்து தலையைச் சொறிந்ததைச் சொன்னார். மகளின் தோள்கள் தளர்ந்தன; இதழ் விரிந்தது. அப்போது இரண்டு மூன்று படங்கள் எடுத்தார். அவற்றுள் எதனை அச்சிடுவது என்பதை அவளையே தெரிந்தெடுக்கச் சொன்னார். தாய் அதன் பின்புறத்தில் வகுப்பையும் வயதையும் எழுதி வைத்தாள். ஏழாம் வகுப்பிலும் அவ்வாறே நடந்தது. அவள் வலக்கன்னத்தையே காட்டினாள். இக்காலக் கருவிகளில் ஒரு விரலால் தொட்டாலே தழும்பைத் துடைத்துவிடும் வசதி உண்டு. பக்கத்து வீட்டு இளைஞன் அதனைச் செய்து காட்ட முன்வந்தபோது, “வேண்டாம் தம்பி, அது என் மகளின் முகம்” என்று கூறி அவர் மறுத்துவிட்டார்.

எட்டாம் வகுப்புத் தொடங்கிய ஆண்டில் மகள் தானாகவே முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். சாளரத்தில் துணியைத் தொங்கவிட்டாள். பின்னர், முகம் முழுவதும் தெரியுமாறு தந்தையை நேரே நோக்கி அமர்ந்தாள். தந்தை அதனைக் கண்டார்; கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வழக்கம்போலவே தறிக்கதை சொன்னார், வழக்கம்போலவே எடுத்தார். அப்படத்தில் தழும்பு தெளிவாகத் தெரிகிறது. அதைவிடத் தெளிவாக அவள் கண்கள் தெரிகின்றன. அவ்வாண்டுப் பள்ளிக் குழுப்படத்தில் அவள் எங்கே நின்றாள் என்பதை அவர் கேட்கவே இல்லை.

இத்தந்தை மகளுக்கு அறிவுரை ஒன்றும் கூறவில்லை. “அழகு முகத்தில் இல்லை, அகத்தில் உள்ளது” என்று பேசவுமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அவள் முன்னே முழந்தாளிட்டு அமர்ந்து, அவளைக் கண்டார்; அவ்வளவே. தன்னை ஒருவர் குறை தேடாமல் காண்கிறார் என்பதைக் குழந்தைகள் சொல்லாமலே அறிந்துகொள்கின்றன. பள்ளியில் எடுக்கும் படத்தால் தர இயலாததும், வீட்டில் எடுக்கும் படத்தால் தரக்கூடியதும் இதுவே.

எடுத்த படத்தைக் காத்து வைத்தலும் எடுத்தலோடு ஒத்த கடமையாகும். இக்காலத்தில் ஒரு கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் குவிந்து கிடக்கின்றன. கருவி உடைந்தாலோ தொலைந்தாலோ அவை அனைத்தும் ஒருங்கே போய்விடக்கூடும். அவற்றுள் ஆண்டுக்கு ஒன்றையேனும் தாளில் அச்சிட்டு வைத்தல் வேண்டும். பின்புறத்தில் பெயர், வயது, வகுப்பு, ஆண்டு, ஊர் ஆகியவற்றை மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுதல் நலம். மை ஊறி முன்புறம் வந்துவிடக்கூடும். பசையிட்டு ஒட்டாமல் மூலைகளில் செருகி வைத்தால், ஹாவார்டன் பெருமாட்டியின் படங்களைப்போல் பிற்காலத்தில் கிழிய நேராது. ஈரமும் வெயிலும் படாத இடத்தில் ஏட்டை வைக்க வேண்டும். இன்னும் ஒன்று: குழந்தையின் படம் குழந்தைக்கே உரியது. அதனைப் பலர் பார்க்கும்படி அனுப்புவதற்குமுன் அதன் விருப்பத்தைக் கேட்டறிதல் பெற்றோர்க்கு அழகு.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அதே சாளரம், அதே முக்காலி, அதே திங்கள் என்று எடுத்துவந்தால், ஏழு படங்கள் சேரும். அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்க்கும்போது, முக்காலியில் தரைக்கு எட்டாமல் தொங்கிய கால்கள் மெல்ல மெல்லத் தரையைத் தொடுவதைக் காணலாம். சுவரில் இருந்த நாட்காட்டி மாறும். முகத்தில் குழந்தைமை குறைந்து உறுதி ஏறும். அன்றாடம் உடனிருந்து காண்போர் கண்ணுக்கு இவ்வளர்ச்சி தெரிவதில்லை. பிள்ளைத்தமிழ்ப் புலவர் திங்கள்தோறும் எண்ணி வைத்ததன் பயனை அன்று பெற்றோர் உணர்வர்.

இவ்வரிசை முழுவதிலும் ஒருவர் மட்டும் காணப்படமாட்டார். அவரே படத்தை எடுத்தவர். பழைய மேனாட்டுப் படங்களில் துணிக்குள் மறைந்திருந்த தாயைப்போல், அவர் ஒவ்வொரு படத்திலும் இருந்தும் இல்லாதவராகிறார். ஹாவார்டன் பெருமாட்டி தம் புதல்வியரை நூற்றுக்கணக்கான முறை எடுத்தார். அவருடைய உருவத்தைக் காண்பதோ மிக அரிது. இக்குறையைத் தீர்க்கும் ஆற்றல் மாணவரிடமே உள்ளது. சாளரம் எந்தத் திசையில் இருக்கவேண்டும், துணியை எங்கே விரிக்கவேண்டும் என்பனவற்றை அவர்கள் இப்போது அறிவர். அடுப்பங்கரையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வரும் தாயையும், ஆலையிலிருந்தோ வயலிலிருந்தோ களைத்து வரும் தந்தையையும் ஒருநாள் அதே முக்காலியில் அமரச் சொல்லலாம். “எனக்கு எதற்குப் படம்?” என்று அவர்கள் கட்டாயம் சொல்வார்கள். அப்போது எழுந்துபோக விடாமல், ஏதேனும் ஒரு கதை சொல்லிக்கொண்டு, தோள்கள் தளரும்வரை காத்திருக்க வேண்டும்.